திரிபுவனமுழுதுடையாளும் ஒரு சுண்டுத் தவிடும்

2025 பெப்ரவரி 3, திங்கள்

இன்று நாம் வழிகாட்டியாக வீற்றிருக்கும் வாசனைத் திரவியத் தோட்டத்துக்கு எழுந்தருளிய ஜெர்மன்காரருக்குக் கறுவாப்பட்டை எண்ணெயின் மகிமையை எடுத்துரைத்தேன். ஒரு துளி உச்சந்தலையில் வைத்தால் மூன்றாம் நாள் சீப்பு வாங்க ஓட வேண்டும். போன வருடம் ஒரு சுவிஸ்காரர் ஆசைப்பட்டு இரண்டு துளி வைத்தார், ஊர் திரும்பியபோது அவருடைய நாயே அவரை வீட்டுக்குள் விடவில்லை என்றேன். மனிதர் மகிழ்ந்து இரண்டு போத்தல் எடுத்தார். போகும்போது பெயர் கேட்டார். நெஞ்சை நிமிர்த்தி, சுந்தரலிங்கம் என்றேன்.

"அப்படியா, காலையில் எங்களை ஏற்றி வந்த ட்ரைவரும் சுந்தரலிங்கம்தான்" என்றார்.

இதுதான் என் தலையெழுத்து. ஐந்தாம் வகுப்பில் நாங்கள் நான்கு சுந்தரலிங்கங்கள். டீச்சர் எங்களுக்கு இலக்கம் போட்டார். நான் மூன்றாமவன். நாற்பத்தேழு வயதாகியும் நாங்கள் குடியிருக்கும் தோட்டத்தில் சில கிழங்கள் என்னை "டேய் மூணு" என்றுதான் கூப்பிடுகின்றன. கல்யாணம் பேசியபோதாவது விமோசனம் கிடைக்கும் என்று பார்த்தேன். பெண்ணின் பெயர் சுந்தரம்மா.

அன்றே சபதம் எடுத்தேன். இனி எம் வம்சத்தில் பிறக்கும் எந்த உயிருக்கும் இன்னொருவன் வைத்திருக்கும் பெயர் கிடையாது. என் மகளுக்கு ஏலவார்குழலி என்று சூட்டினேன். மாத்தளை மாவட்டத்தில், வஹகோட்டையிலிருந்து லக்கல வரைக்கும், வேறொரு ஏலவார்குழலியைக் காட்டுங்கள், மீசையை எடுத்துவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் அவளை ஏலக்காய் என்று கூப்பிடுகிறார்களாம். புகழ் என்றால் அப்படித்தான்.

இப்போது தங்கை அனுஷியா ஏழு மாதம். தாய்மாமன் நான். பிள்ளையை மடியில் வைத்துப் பெயர் சொல்லும் உரிமை, சூரிய சந்திரர் உள்ளவரை, என்னுடையது.

பெப்ரவரி 4

ககனமாதேவி? அண்டசராசரவல்லி? ஆணாக இருந்தால் பகைவர்க்கு நடுக்கம் வேண்டும். எட்டுத்திக்குவென்றான். சுந்தரம்மா கேட்டுவிட்டு, "முதல்ல அவன் மூக்கைச் சிந்தட்டும்" என்றாள்.

பெப்ரவரி 16, ஞாயிறு

இன்று வசமாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அனுவும் அவள் புருஷன் ஜெயக்காந்தனும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்கள். வீடு ஒன்றும் தூரமில்லை, எங்கள் வாசலில் நின்று தும்மினால் அவர்கள் வாசலில் "நூறாயுசு" என்பார்கள். பலாக்காய்க் கறி போட்டுக்கொண்டே வாய் தவறி, "நம்ம பிரபஞ்சநாயகிக்கு இன்னும் கொஞ்சம் போடு" என்று சொல்லிவிட்டேன்.

அனு தட்டைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, அதுக்குப் பேரு கிடையாது."

"சும்மா விளையாட்டுக்குத்தானே—"

"விளையாட்டுக்கும் கிடையாது. பொறந்து, அழுது, வீட்டுக்கு வர்ற வரைக்கும் கிடையாது. இந்த வீட்ல யாரும் பேர் பேசக் கூடாது."

காரணம் எல்லாருக்கும் தெரியும். முதல் பிள்ளைக்கு நாலாம் மாதமே பெயர் வைத்து, சின்னத் துண்டில் நூலால் அந்தப் பெயரைத் தைத்து வைத்திருந்தாள். இரண்டாவதற்கு யாருக்கும் சொல்லாமல் தனக்குள் வைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாளாம். இரண்டும் வீட்டுக்கு வரவில்லை. இவள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். கைரேகை பார்க்க வந்தவனிடம், "உன் ரேகையில இன்னைக்கு ஏச்சு வாங்கணும்னு இருக்குதா" என்று கேட்டுத் துரத்தியவள். அவளே இப்படிச் சொன்னால் நான் என்ன, எட்டுத்திக்குவென்றானே வந்தாலும் வாயை மூடத்தான் வேண்டும்.

மூடிவிட்டேன். ஆனால் கொப்பி வாய் ஆகாது. கொப்பியில் எழுதலாம்.

பெப்ரவரி 23

கண்டுபிடித்துவிட்டேன். பெண் பிள்ளையானால்—

திரிபுவனமுழுதுடையாள்.

மூன்று உலகமும் முழுதாகச் சொந்தம். பழைய ராணிகளுக்குப் பட்டமாக இருந்ததாம். எழுதிப் பார்த்ததும் மயிர்க்கால் நிமிர்ந்து, கறுவா எண்ணெய் போடாமலே ரெண்டு முடி வளர்ந்தது. ஏலவார்குழலியிடம் இரகசியமாகச் சொன்னேன். "ஸ்கூல் பெட்ஜில இடம் போதாதுப்பா. நெஞ்சில தொடங்கி முதுகு வரைக்கும் சுத்தணும்" என்றாள். சுற்றட்டும். இந்தப் பெயரை வைக்காவிட்டால் மீசையை வழிப்பேன் என்று மகள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். கையைத் தட்டிவிட்டு, "உங்க தலையில அடிங்க" என்றாள்.

மார்ச் 9, ஞாயிறு

விடியக்காலை அனுவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். இன்னும் நாள் இருக்கிறது, ஒன்றரை மாதத்துக்கு மேல் இருக்கிறது. என்னத்துக்கு இவ்வளவு அவசரம். ஜெயக்காந்தன் சப்பாத்தை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்திருக்கான், ஒன்னு கறுப்பு, ஒன்னு மண் கலர். நானும் சொல்லல்ல, அவனும் பார்க்கல்ல.

பத்து மணிக்குப் பெண் பிள்ளை. அழுததாம். நர்ஸ் சொன்னாங்க. அழுததா அழுததான்னு நான் மூணு தரம் கேட்டேன்.

கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருக்காங்க.

மார்ச் 10

பார்த்தேன். கையளவு. என் முழங்கையிலிருந்து நீட்டிப் படுக்க வைத்தால் விரல் மிச்சம் இருக்கும். இது மிகையில்லை, கொப்பியே, இந்த ஒரு தடவை நம்பு.

பெட்டியில் சின்னத் துண்டு ஒட்டியிருக்கிறது. சிங்களத்தில், "அனுஷியாகே பபா." அனுஷியாவின் பிள்ளை. அவ்வளவுதான் அதற்குப் பெயர்.

மார்ச் 19

இந்த நாட்களில் எங்களைத் தாங்கியது ஒரே ஆள். என் கூட்டாளி மர்சூக்கின் பெண்சாதி ஹமீமா. மர்சூக் மாத்தளை டவுனில் கராம்பு, சாதிக்காய் வாங்கி விற்கிறவன். வீடு ஆஸ்பத்திரிக்குப் பின்னால் போகும் ஒழுங்கையில். எங்கள் தோட்டத்திலிருந்து சோறு கட்டிக்கொண்டு பஸ்ஸில் போய்ச் சேர்வதற்குள் சோறு பழஞ்சோறாகிவிடும். ஹமீமா யாரையும் கேட்கவில்லை. தினமும் மத்தியானம் கேரியரைத் தூக்கிக்கொண்டு வார்ட்டுக்கு வருகிறாள். நோன்பு மாதம். தான் தண்ணிகூடக் குடிக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து, அனு சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"நோன்போட எதுக்குங்க இந்த வெயில்ல" என்று கேட்டேன்.

"நோன்பு எனக்குத்தானே லிங்கண்ணே, பால் குடுக்கிற பொம்புளைக்கா" என்றாள். பிறகு, "சாப்பாடு காணுமா எண்டு நீங்க கேக்கல்லியே. ஒங்கட பங்கும் கீழ் தட்டில ஈக்குது" என்றாள்.

கீழ்த் தட்டை யாரும் கேட்காமலே காலி செய்தேன்.

மார்ச் 31

பெருநாள். ஹமீமா வட்டிலப்பம் கொண்டுவந்து வார்ட்டுக்கே பகிர்ந்தாள். பிள்ளை பெட்டியை விட்டு வெளியே வந்துவிட்டது. தானாகப் பால் குடிக்கிறது. சத்தம் கேட்கும்படி குடிக்கிறது. திருகோணமலைத் துறைமுகத்துக் கப்பல்கள் திரும்பிப் பார்த்திருக்கும்.

ஏப்ரல் 2, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டாள்.

வந்துவிட்டாள் வந்துவிட்டாள் வந்துவிட்டாள்.

சுந்தரம்மா ஆலத்தி எடுத்தாள். நான் பட்டாசு கட்டு வாங்கி வைத்திருந்தேன், அனு பார்த்த பார்வையில் அதை அரிசிப் பானைக்குள் ஒளித்துவிட்டேன்.

ஏப்ரல் 4

அனு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். பிள்ளை மடியில். முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"அண்ணே, சிரிக்கக் கூடாது."

"சிரிக்கல்ல."

"இவளைத் தவிட்டுக்கு வித்துரணும்."

நான் சிரிக்கவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் செய்வதுதான். பிள்ளைகள் தங்காத வீட்டில் அடுத்து ஒன்று பிறந்தால், சொளகில், அதுதான் முறத்தில், கிடத்திக் குப்பை மேட்டில் வைப்பார்கள். சொந்தமில்லாத ஒரு பொம்பளை வந்து, ஒரு பிடி தவிட்டைக் கொடுத்து, பிள்ளையை வாங்குவாள். வாங்கி, "எனக்கு வளர்த்துக் குடுங்க" என்று தாயிடமே திருப்பிக் கொடுப்பாள். அன்றிலிருந்து அது அந்த வீட்டுப் பிள்ளை இல்லை. கெட்டது தேடி வந்தாலும் வீடு தவறிப் போய்விடும். தோட்டத்தில் பிள்ளைகளைக் கேலி செய்ய இன்றைக்கும் "உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்" என்கிறோமே, அது இதுதான். ஆனால் உண்மையில் யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

"நீ டீச்சரு" என்றேன்.

"எனக்குத் தெரியும் இதுல ஒன்னும் இல்லைன்னு. தெரிஞ்சும் ராத்திரி எழும்பி எழும்பி மூச்சு வருதான்னு பார்க்கிறேன். எனக்கு ஒரு தரமாவது இவ என்னோடது இல்லைன்னு நினைச்சுத் தூங்கணும்."

"யாருக்கு விக்கிறது?"

"ஹமீமாக்காவுக்கு."

ஏப்ரல் 5

கடையில் மர்சூக்கிடம் சங்கதியைச் சொன்னேன். கராம்பு நிறுத்துக்கொண்டிருந்தவன் தராசை விட்டுவிட்டான்.

"லிங்கம், புள்ள விக்கிறது வாங்கிறது எங்கட மார்க்கத்தில இல்ல."

"எங்கட்டயும் சட்டத்தில இல்ல."

உள்ளே இருந்து ஹமீமா வந்தாள். "தூக்கி அணைச்சு, நல்லா இருக்கட்டும் எண்டு துஆ கேட்டு, தாய்ட கையிலயே குடுக்கிறது. இதில எனத்த மார்க்கப் பிழை? நான் வாறேன்" என்றாள். மர்சூக் தராசைத் திரும்பப் பிடித்துக்கொண்டான்.

இப்போது நமது ராஜதந்திரம். வாங்கியவள்தான் பெயரும் சொல்ல வேண்டும், அதுதான் முறை என்று அனு சொல்கிறாள். தாய்மாமன் உரிமை பறிபோனதா? ஹா. ஹமீமா பாவம், நம் முறைகள் தெரியாதவள். வாய் அவளுடையது, பெயர் என்னுடையது. நான் சொல்லிக்கொடுப்பதை அவள் சொல்வாள்.

ஏப்ரல் 7, திங்கள்

தவிடு தேடி மாத்தளை முழுக்க அலைந்தேன். கடைகளில் ஓட்ஸ் இருக்கிறது, தவிடு இல்லை. கடைசியில் பஸ் பிடித்துப் பல்லேபொலவுக்குப் போய், ஒரு நெல்லு மில்லில் கேட்டேன். மில்காரர் சிங்களவர். "மாட்டுக்கா, கோழிக்கா?" என்றார். "பிள்ளைக்கு" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்து, பால் பவுடர் வாங்கக் கஷ்டமோ என்று நினைத்து, ஒரு உரப்பை நிறையச் சும்மாவே கொடுத்துவிட்டார். திரும்பும் பஸ்ஸில் மூட்டை வாய் அவிழ்ந்து, முன் சீட்டு ஆச்சிகள் எல்லாரும் சந்தன அபிஷேகம் கண்ட விக்கிரகங்கள் மாதிரி இறங்கிப் போனார்கள்.

ஏப்ரல் 8

ஒத்திகை. ஹமீமா வீட்டு முன் அறையில்.

"திரி."

"திரி."

"புவன."

"புவன."

"முழுதுடையாள்."

"அண்ணே, இது ஒரு புள்ளட பேரா, ஒரு ஊருட பேரா?"

ஐந்து தரம் சொல்ல வைத்தேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். நல்ல மாணவி. நாளைக்கு முப்பது நாள் தீட்டும் கழிந்துவிடும். நாளை மூன்று உலகங்களும் தங்கள் சொந்தக்காரியைக் காணும்.

ஏப்ரல் 9, புதன்

எழுதக் கை வரவில்லை. இருந்தும் எழுதுகிறேன்.

குப்பை மேடு என்று பெயருக்கு, அனு வீட்டு வாழை மரத்தடியில் காய்ந்த சருகைக் குவித்து, மேலே வெள்ளைத் துணி விரித்தோம். சொளகில் பிள்ளை. அனு வாசலில் திரும்பி நின்றாள். விற்கிறவள் பார்க்கக் கூடாதாம். ஜெயக்காந்தன் இன்றைக்கு ஒரே கலர் சப்பாத்து.

ஹமீமா புது சாரியில், முக்காட்டோடு, கையில் தவிட்டுச் சுண்டு. ஒரு பால் டின் கொள்ளும் அளவு அது, வழிய வழியக் குவித்திருந்தாள். "ஒரு பிடி போதும்" என்று சுந்தரம்மா சொன்னதற்கு, "என்ட புள்ள, நான் கொறைச்சு வாங்க மாட்டேன்" என்றாள். தவிட்டைச் சொளகு ஓரத்தில் கொட்டினாள். குனிந்து பிள்ளையைத் தூக்கினாள். நெஞ்சோடு வைத்துக் கண்ணை மூடி ஏதோ ஓதினாள். நேரம் போனது. நான் பக்கத்தில் நின்று, உதடு அசையாமல், "திரி... திரி..." என்று எடுத்துக் கொடுத்தேன்.

கண்ணைத் திறந்தாள். பிள்ளையின் காதில் குனிந்து, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"றமீஸா."

வாழையிலை ஆடுவது நின்றுவிட்டது. நான் சாட்சி.

"றமீஸா. றமீஸா. என்ட மவள். அனு, இவள எனக்கு நல்லா வளர்த்துத் தாங்க."

அனு திரும்பினாள், வாங்கிக்கொண்டாள், உள்ளே போய்விட்டாள்.

பிறகு தேத்தண்ணி குடிக்கும்போது ஜெயக்காந்தன் என் காதோரம் வந்தான். "மச்சான், என் பெரியம்மா வீட்டு ஆளுங்க கேட்டா என்னத்தச் சொல்றது? வீட்ல இப்படிக் கூப்பிட்டுக்குவோம், பதிவுல வேற பேர் போட்டுருவோமா?" எனக்கு வாயில் திரிபுவனம் வந்து நின்றது. சொல்வதற்குள் உள்ளேயிருந்து அனுவின் குரல்.

"வாங்கினவங்க வச்சதுதான் பேரு."

அவ்வளவுதான். அவள் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் மாற்றவும் விடவில்லை.

மீசை. ஏலவார்குழலி ரேசரோடு வந்து நின்றாள். சத்தியம் சத்தியம்தான். இருபத்தெட்டு வருடத்து மீசை, சிங்கத்தின் பிடரியே பார்த்துப் பொறாமைப்பட்ட மீசை, ஒரு பழைய நியூஸ்பேப்பரில் கிடக்கிறது.

ஏப்ரல் 10

நியாயம் கேட்கப் போனேன். மொட்டை உதட்டோடு கடை வாசலில் நின்றேன். மர்சூக் என்னைப் பார்த்து, "என்ன வேணும் ஐயா" என்றான். குரலைக் கேட்ட பிறகுதான் கீழே உட்கார்ந்து சிரித்தான். பாவி.

ஹமீமா தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

"பேர் மறந்திருச்சுன்னா ஒரு சத்தம் குடுத்திருக்கலாமே" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

"மறக்கல்லியே. திரிபுவனமுழுதுடையாள்."

தடங்கல் இல்லாமல், தண்ணீர் ஊற்றுவது மாதிரிச் சொன்னாள். அந்தப் பெயரை நானே அப்படிச் சொன்னதில்லை.

"நல்ல பேர் அண்ணே. ஆனா நீங்க எனக்குப் புள்ளய வாங்கச் சொல்லிட்டு, பேர மட்டும் ஒங்கட கையில வச்சிக்கிறது எப்பிடி? பொய்யா வாங்கினா பொய்யாத்தான் பலிக்கும். அனு கேட்டது உண்மையா வாங்கத்தான்."

நான் சர்க்கரையைக் கலக்கினேன். ஏற்கெனவே கலந்த சர்க்கரை.

"எனக்கு மூணும் ஆம்புளப் புள்ளைகள்" என்றாள். "மூணு தரமும் றமீஸா எண்டு பேர் ரெடியாக்கி வச்சேன். மூணு தரமும் பொறந்த பொறவு மாத்தினேன். இனி எனக்குப் பொறக்காது. பேரு சும்மா கெடந்திச்சு."

மர்சூக் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஏற்கெனவே துடைத்த தராசு.

திரும்பும் பஸ்ஸில்தான் எனக்கு மின்னல் வெட்டியது. ஹமீமாவின் ஒழுங்கையில் மட்டும் ரெண்டு றமீஸா. டவுனில் கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள். ஆனால் எங்கள் தோட்டத்தில்? எங்கள் ஆட்களில்? ஜெயக்காந்தன் மகள் றமீஸா. வஹகோட்டையிலிருந்து லக்கல வரைக்கும் தேடு, இலங்கை முழுக்கத் தேடு, எங்கேயாவது இன்னொருத்தியைக் காட்டு. மூன்று உலகத்திலும் தேடிக் களைத்தேனே, பக்கத்து ஒழுங்கையில் மலிந்து கிடந்ததே. பஸ்ஸில் எழுந்து நின்றுவிட்டேன். கண்டக்டர், "இறங்கிறதா?" என்றார். இல்லை, தம்பி, ஏறுகிறேன் என்றேன்.

ஏப்ரல் 14, புத்தாண்டு

பெரியம்மா வீட்டு ஆட்கள் வந்தார்கள். பெயரைக் கேட்டு முகம் சுளித்தார்கள். நான் முன்னால் போய், இந்தப் பெயருக்குக் கொடுத்த தவிடு ஒரு மூட்டை, பல்லேபொலவிலிருந்து யானை மேல் வந்தது, வழியில் ரெண்டு ஊர் பார்க்க நின்றது என்று தொடங்கினேன். போகும்போது பெரியம்மாவே றமீஸாவை முத்தமிட்டாள். மிச்சத் தவிட்டையும் தன் கோழிகளுக்குக் கொண்டுபோனாள்.

பட்டாசைப் பானையிலிருந்து எடுத்துக் கொளுத்தினேன். அரிசி வாசத்தோடு வெடித்தது.

அனு மட்டும் இன்னும் பெயர் சொல்வதில்லை. "ஹமீமாக்கா புள்ளைக்குப் பால் நேரம்" என்கிறாள். "அவங்க புள்ள தூங்குது." நாங்கள் எல்லாரும் கூப்பிடுகிறோம், அவள் மட்டும் இல்லை. ஏன் என்று கேட்டேன். "யாரும் கேட்டுருவாங்களோன்னு பயமா இருக்குண்ணே" என்றாள். யார் என்று நான் கேட்கவில்லை.

ஆனால் தூங்குகிறாளாம். ஜெயக்காந்தன் சொன்னான். விடிய விடியக் குறட்டையாம்.

மே 18

மீசை மீண்டும் முளைக்கிறது. இந்த முறை கறுவா எண்ணெய் போட்டேன். ஒன்றும் ஆகவில்லை. இதை யாரிடமும் சொல்லாதே, கொப்பியே.

ஜூலை 27, ஞாயிறு

ஹமீமா தன் சொத்தைப் பார்வையிட வந்திருந்தாள். பிள்ளை கொழுத்துவிட்டது. முழங்கையில் ஒரு மடிப்பு, தொடையில் மூன்று, அளந்தால் திரிபுவனம் வரும். பிள்ளையை நான் மடியில் வைத்து, ஆதிகாலத்தில் நான் ஒற்றைக் கையால் புலியோடு மல்லுக்கட்டிய சம்பவத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கதை முடியும் இடத்தில் அவள் ரெண்டு கையாலும் என் புது மீசையைப் பிடித்தாள். விடவில்லை. இழுக்கிறாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. மீசையால்தான்.

குசினிக்குள் அனு தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்தவள், துருவலைப் பிடித்த கையோடு அங்கிருந்தே சத்தம் போட்டாள், தோட்டத்து மேல் லயத்து வீடுகள் வரைக்கும் கேட்கும்படி:

"ஏய் றமீஸா, மாமா மீசைய விடுடீ!"

சொல்லிவிட்டு மறுபடியும் தேங்காய் துருவினாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஹமீமா என்னைப் பார்த்தாள். நான் ஹமீமாவைப் பார்த்தேன். ரெண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

பிள்ளை மீசையை விடவில்லை. நானும் விடுவிக்கவில்லை.